வீடியோவிலிருந்து எடுத்த படத்தில் சீப்புப் பல் கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்கோடர் டேப், டிவிடி, டிவியிலிருந்து செய்த பதிவு, 1080ஐ (1080i) கேமரா என்று எதிலிருந்தோ ஒரு நல்ல தருணத்தைப் பிடித்து, அதை மட்டும் தனிப் படமாகச் சேமிக்கிறீர்கள். திறந்து பார்த்தால் சுவரும் நாற்காலியும் ஒழுங்காக இருக்கின்றன. அசைந்த கையும் திரும்பிய முகமும் மட்டும் சீப்பை வைத்து இழுத்தது போல வரி வரியாகப் பிரிந்து கிடக்கின்றன. இதைச் சரிசெய்வது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

உங்கள் கையில் இருப்பது ஒரு படம் அல்ல, இரண்டு படங்கள். கோளாறு முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

இன்டர்லேஸ் வீடியோவில் கேமரா ஒரு ஃப்ரேமை ஒரே மூச்சில் பதிவு செய்வதில்லை. முதலில் 1, 3, 5, 7 என ஒற்றை வரிகளை எடுக்கிறது. அப்புறம் 2, 4, 6, 8 என இரட்டை வரிகளை எடுக்கிறது. (சில கேமராக்களில் இந்த வரிசை மாறும்.) ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். பால் (PAL) என்ற டிவி முறையில் வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 50 ஃபீல்டு. என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு டிவி முறையில் 29.97 ஃப்ரேம், ஏறக்குறைய 60 ஃபீல்டு. ஆக, பால் வீடியோவில் ஒற்றை வரிகளுக்கும் இரட்டை வரிகளுக்கும் நடுவே 1/50 வினாடி இடைவெளி இருக்கிறது.

அசையாத பொருளுக்கு அந்த இடைவெளி ஒன்றும் செய்யாது. அசைகிற பொருள் அதற்குள் நகர்ந்துவிடும். 720 பிக்சல் அகலமுள்ள படத்தை ஒரு கை ஒரு வினாடியில் குறுக்கே கடக்கிறது என்று வையுங்கள். 1/50 வினாடியில் அது 14 பிக்சல் நகர்ந்திருக்கும். ஒற்றை வரிகளில் கை ஓரிடத்தில் இருக்கும், இரட்டை வரிகளில் 14 பிக்சல் தள்ளி இருக்கும். இரண்டையும் கோத்து ஒரே படமாகக் காட்டும்போது தெரிகிற சீப்புப் பல்லின் நீளம் அந்த 14 பிக்சல்தான்.

இப்படி ஏன் செய்தார்கள் என்றும் சிலர் கேட்பார்கள். முழுப் படத்தையும் வினாடிக்கு 50 முறை அனுப்ப அந்தக் கால அலைவரிசையில் இடம் இல்லை. 25 முறை மட்டும் அனுப்பினால் திரை கண்ணுக்குத் துடிப்பாகத் தெரியும். பாதிப் பாதியாக அனுப்பினால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும். ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் இருந்த ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டர் 1930லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் மிச்சம்தான் இன்று நம் படங்களில் கோடாக நிற்கிறது.

ஓடும்போது நன்றாகத்தானே இருந்தது? படமாக எடுத்ததும் மட்டும் ஏன் தெரிகிறது?

பழைய குழாய் டிவி ஒரு ஃபீல்டை வரைந்து முடித்து, அதன் பிறகே அடுத்ததை வரையும். இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் நிற்பதில்லை. இன்றைய டிவியும் பல பிளேயர்களும் ஓடும்போதே டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது ஃபீல்டுகளைப் பிரித்து முழுப் படமாக்கிக் காட்டுகின்றன. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் ஒரு ஃப்ரேமை ஏற்றுமதி செய்யும்போது, கோப்பில் இருக்கிற இரண்டு ஃபீல்டும் அப்படியே கோத்து வந்துவிடுகின்றன.

என் படத்தில் இருப்பது இன்டர்லேஸ் கோளாறுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

100 சதவீதத்திலோ 200 சதவீதத்திலோ பெரிதாக்கிப் பாருங்கள். சுருக்கிப் பார்க்கும்போது கண் ஏமாறும். 50 சதவீதத்தில் சில மென்பொருள்கள் ஒரு வரி விட்டு ஒரு வரி காட்டும், கோடே இல்லாதது போலத் தோன்றும்.

பெரிதாக்கியதும் மூன்றைக் கவனியுங்கள். கோடுகள் கிடைமட்டமாக, சரியாக ஒரு பிக்சல் உயரத்தில் இருக்கின்றனவா? அசைந்த பொருளின் விளிம்பில் மட்டும் இருக்கின்றனவா? ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி வருகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அசையாத கதவு, தூண் எல்லாம் நெளிந்தால் அது விஎச்எஸ் டேப்பின் நேரப் பிசகு. ஓடும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால் அது சென்சார் வரி வரியாகப் படிப்பதால் வரும் சாய்வு. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது கோப்பின் அளவைக் குறைக்கும் சுருக்கத்தின் விளைவு. டீஇன்டர்லேஸ் செய்து இவை எதுவும் போகாது. விளிம்பு மட்டும் கூடுதலாகக் கெடும்.

வீடியோக் கோப்பு கையில் இருந்தால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். இன்டர்லேஸா புரோகிரெசிவா (முழு ஃப்ரேமையும் ஒரே மூச்சில் எடுத்ததா), எந்த ஃபீல்டு முதலில் என்று சொல்லிவிடும். ஆனால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். புரோகிரெசிவாக எடுத்த படத்தையே இன்டர்லேஸ் என்று முத்திரை குத்திச் சேமித்த கோப்புகள் நிறைய உண்டு. அவற்றில் இரண்டு ஃபீல்டும் ஒரே நொடித்துளியைச் சேர்ந்தவை, சீப்பே இருக்காது. அதை டீஇன்டர்லேஸ் செய்தால் நல்ல படத்தில் பாதி விவரத்தை நாமே தூக்கிப் போட்டதாகிவிடும். கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

எதை முதலில் செய்ய வேண்டும்?

டீஇன்டர்லேஸ்தான் முதலில். அளவு மாற்றுவது, சாய்வைத் திருப்புவது, ஷார்ப்பன் செய்வது, மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகளைக் குறைப்பது, நிறம் திருத்துவது, ஜேபெக் ஆக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கைவிட வேண்டிய நிலையில் என்னிடம் வரும் பத்துப் படங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் கெட்டவையே.

காரணம் எளிது. ஒற்றை வரியும் இரட்டை வரியும் தனித்தனியாக, தன் தன் இடத்தில் இருக்கும்வரை அவற்றைப் பிரித்துவிடலாம். பால் முறைப் படத்தின் உயரத்தை 576 வரியிலிருந்து 700 ஆக்கினால் பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பாலையும் தண்ணீரையும் கலந்த பிறகு பிரிப்பது போலத்தான் அப்புறம். இரண்டு டிகிரி சுழற்றினாலும் இதே கதி. ஷார்ப்பன் செய்தால் ஒவ்வொரு பல்லுக்கும் வெள்ளை ஓரம் கட்டும். ஜேபெக் சுருக்கம் இத்தனை நுண்ணிய கோடுகளைத் தாங்காமல் அவற்றைச் சுற்றி அழுக்குத் தூவியது போல ஆக்கிவிடும். அதனால் வீடியோவிலிருந்து எடுக்கும்போதே பிஎன்ஜி அல்லது டிஃப் ஆகச் சேமியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அகலத்தை மட்டும் மாற்றினால் வரிகள் கலையாது. பக்கவாட்டில் வெட்டினாலும் பாதகம் இல்லை. உயரத்தைத் தொட்டால்தான் வம்பு.

ஃபோட்டோஷாப்பிலும் ஜிம்ப்பிலும் எப்படிச் செய்வது?

ஃபோட்டோஷாப்பில் ஃபில்டர் மெனுவில் வீடியோ, அதற்குள் டீ-இன்டர்லேஸ். எந்த வரிகளை நீக்குவது, ஒற்றையா இரட்டையா என்று முதலில் கேட்கும். நீக்கிய இடத்தை எப்படி நிரப்புவது என்று அடுத்துக் கேட்கும். டூப்ளிகேஷன் என்றால் மேலே இருக்கும் வரியை அப்படியே நகலெடுக்கும். இன்டர்பொலேஷன் என்றால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடைப்பட்ட நிறத்தைக் கணக்கிட்டு நிரப்பும். எப்போதும் இன்டர்பொலேஷனையே எடுங்கள். நகல் முறையில் சாய்வான கோடுகள் படிக்கட்டாகிவிடும், படமும் அரை வரி இறங்கி நிற்கும்.

ஜிம்ப்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதற்குள் டீஇன்டர்லேஸ். ஃபோட்டோஷாப் எதை நீக்குவது என்று கேட்கும். ஜிம்ப் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர்கள் இங்கே குழம்புவார்கள்.

ஒற்றையை வைத்துக்கொள்வதா, இரட்டையையா?

இரண்டையும் செய்து, இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள். தரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, தருணத்தில் இருக்கிறது.

எங்கள் பாட்டி இருக்கும் ஒரே வீடியோ ஒரு மினிடிவி (MiniDV) டேப்பில் இருக்கிறது. யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு வினாடிகூட இல்லை. அந்தத் திரும்பலில் ஒரு ஃப்ரேமை எடுத்து ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர்கள் முதலில் பெரிதாக்கி, ஷார்ப்பன் செய்து, பிறகு கோடுகளை மங்கவைக்கப் பார்த்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியின் விளிம்பு ரம்பம் போல ஆகி, கன்னத்தில் வெள்ளைக் கீறல்களாக நின்றது. அதிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. டேப்பையே மறுபடி கணினியில் ஏற்றி, அந்த ஃப்ரேமுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஆறு ஃபீல்டுகளைத் தனித்தனிப் படமாக விரித்தேன். முதல் இரண்டில் இமை பாதி மூடியிருந்தது. மூன்றாவதில் கண் திறந்துவிட்டது, ஆனால் முகம் இன்னும் நகர்கிறது, கன்னம் மங்கல். ஐந்தாவதில் திரும்பல் நின்று, சிரிப்பு முழுதாக வந்திருந்தது. அதன் ஜோடியான ஆறாவதில் உதடு மூடத் தொடங்கியிருந்தது. கோத்த ஃப்ரேமாகப் பார்த்தபோது அந்த ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றோடொன்று சிக்கி ஒரு கலங்கலாகத்தான் தெரிந்தன.

1/50 வினாடியில் என்ன மாறிவிடப்போகிறது என்று நினைக்க வேண்டாம். முகத்தில் நிறைய மாறுகிறது.

என் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்று எதுவுமே இல்லை. என்ன செய்யலாம்?

அளவு மாற்றும் வசதி இருந்தால் போதும். படத்தின் உயரத்தை மட்டும் சரியாகப் பாதியாக்குங்கள், 576 என்றால் 288. அப்போது சுருக்கும் முறையாக நியரஸ்ட் நெய்பர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த முறை வரிகளைக் கலக்காது, இரண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அதனால் மிஞ்சுவது ஒரே ஒரு ஃபீல்டு. பிறகு பைகியூபிக் அல்லது லாங்சோஸ் முறையில் உயரத்தை மறுபடி 576 ஆக்குங்கள். முடிந்தது.

மற்ற ஃபீல்டு வேண்டுமானால், முதலிலேயே மேலே ஒரு வரியையும் கீழே ஒரு வரியையும் வெட்டிவிட்டு இதையே செய்யுங்கள். ஒற்றை இரட்டையாகிவிடும்.

சின்னப் படம் போதும் என்றால் இன்னும் சுலபம். 1920க்கு 1080 படத்தின் உயரத்தை இப்படிப் பாதியாக்கி, அகலத்தையும் வழக்கமான முறையில் பாதியாக்கினால் 960க்கு 540 கிடைக்கும். இட்டு நிரப்பிய வரி ஒன்றுகூட இல்லாத சுத்தமான படம்.

ஃபில்டர் போட்டதும் கோடு போய்விட்டது, ஆனால் படம் முழுவதும் மங்கிவிட்டதே?

பாதி வரிகளைத் தூக்கிவிட்டோமே, மங்கத்தான் செய்யும். ஆனால் அந்த இழப்பைப் படம் முழுவதற்கும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அசையாத இடங்களில் இரண்டு ஃபீல்டும் பொருந்தியே இருக்கின்றன, அங்கே 576 வரியும் நல்ல வரிதான். ஆகவே அசைந்த இடத்தில் மட்டும் டீஇன்டர்லேஸ் செய்தால் போதும்.

லேயரை நகலெடுங்கள். மேல் லேயரில் டீஇன்டர்லேஸ் ஃபில்டரை இன்டர்பொலேஷனோடு போடுங்கள். அதற்கு ஒரு லேயர் மாஸ்க் வைத்து முழுவதும் கறுப்பாக நிரப்புங்கள். இப்போது பழைய படமே தெரியும். மென்மையான ஓரமுள்ள வெள்ளை பிரஷ்ஷை எடுத்து, சீப்பு தெரியும் இடத்தில் மட்டும் தடவுங்கள். தடவத் தடவக் கோடுகள் கரையும், பின்னால் இருக்கும் சுவரின் எழுத்தும் ஜன்னல் கம்பியும் முழுத் துல்லியத்தோடு நிற்கும். முடி, விரல் நுனி, உடையின் ஓரம் ஆகியவற்றில் பிரஷ்ஷைச் சின்னதாக்குங்கள். முகத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று பிக்சல் வெளியே வரை தடவினால் ஒட்டுப்போட்டது தெரியாது. அசைந்த பொருளைப் பாதியில் விட்டுவிடக் கூடாது. கையைத் தொட்டால் தோள்வரை போய்விடுங்கள்.

அசைவு எங்கெங்கே என்று கண்ணுக்குச் சரியாகப் படவில்லையா? ஒற்றையை வைத்துச் செய்த படத்தையும் இரட்டையை வைத்துச் செய்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை டிஃபரன்ஸ் என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். அசையாத இடம் கறுப்பாகும், அசைந்த இடம் ஒளிரும். நுண்ணிய கிடைமட்டக் கோடுள்ள துணியும் கொஞ்சம் ஒளிரும், அதை அசைவு என்று எண்ணிவிட வேண்டாம்.

பொறுமையாகச் செய்தால் ஒரு படத்துக்கு பத்து நிமிடம் ஆகும். ஒரே ஃப்ரேமிலிருந்து எடுக்கும் படத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேமராவே திரும்பியதால் படம் முழுக்கச் சீப்பாக இருக்கிறது. அப்போதும் பாதியை இழக்க வேண்டியதுதானா?

வேண்டாம். இது பார்க்க மோசமாக இருந்தாலும் மீட்க வசதியான வகை. கேமரா பக்கவாட்டில் திரும்பியிருந்தால் எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருக்கும். இரட்டை வரிகளை மட்டும் அந்த அளவு திருப்பித் தள்ளினால் இரண்டு ஃபீல்டும் மறுபடி பொருந்திவிடும்.

ஒரு பிக்சல் அகலம், இரண்டு பிக்சல் உயரத்தில் மேலே கறுப்பு, கீழே வெள்ளை என ஒரு சின்ன பேட்டர்ன் செய்யுங்கள். படத்தின் நகல் லேயருக்கு மாஸ்க் வைத்து அதை இந்தப் பேட்டர்னால் நிரப்பினால் இரட்டை வரிகள் மட்டும் அந்த லேயரில் தெரியும். லேயரையும் மாஸ்க்கையும் இணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, லேயரை மட்டும் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துங்கள். ஒரு கதவின் செங்குத்தான விளிம்பைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். பற்கள் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் விளிம்பு நேராகிவிடும். அடுத்த அழுத்தத்தில் பற்கள் எதிர்ப்பக்கம் முளைத்தால் ஒன்று தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கேமரா மேலும் கீழும் ஆடியிருந்தால் செங்குத்தாக இரண்டு இரண்டு பிக்சலாகத்தான் நகர்த்த வேண்டும். ஒரு பிக்சல் நகர்த்தினால் ஒற்றை வரியின் படம் இரட்டை வரியின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

அருகில் நிற்பவர் பின்னணியைவிட அதிகம் நகர்ந்திருப்பார். முகத்துக்குப் பொருத்திவிட்டு, பின்னணியை முன்சொன்ன மாஸ்க் முறையில் சரிசெய்யுங்கள். ஓரத்தில் பிய்ந்து நிற்கும் சில பிக்சல்களை வெட்டிவிடலாம்.

வீடியோவே கையில் இருக்கும்போது படத்தில் சரிசெய்வது நல்லதா, வீடியோவில் சரிசெய்வது நல்லதா?

வீடியோவில். சந்தேகம் வேண்டாம். தனிப் படத்துக்கு இரண்டு ஃபீல்டுக்கு மேல் எதுவும் தெரியாது. வீடியோ ஃபில்டருக்கு முந்தைய ஃபீல்டும் அடுத்த ஃபீல்டும் தெரியும். அசையாத இடம் எது என்று அதனால் தானே கண்டுபிடித்து, அங்கே முழு வரிகளையும் விட்டுவைக்க முடியும். நாம் பிரஷ்ஷால் செய்ததை அது தானாகச் செய்கிறது.

எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற, கட்டளை எழுதி இயக்கும் மென்பொருளில் இருக்கும் யாடிஃப் (yadif), பிடபிள்யூடிஃப் (bwdif) என்ற ஃபில்டர்கள் இரண்டும் இதைச் செய்பவை. அவற்றை ஃபீல்டுக்கு ஒரு படம் என்ற முறையில் ஓட்டுங்கள், யாடிஃப்பில் அது மோட் 1. 25 ஃப்ரேம் வீடியோ வினாடிக்கு 50 முழுப் படங்களாக விரியும். அவற்றைப் பிஎன்ஜியாகக் கொட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லதைப் பொறுக்கலாம். பாட்டியின் சிரிப்பு எனக்குக் கிடைத்தது இந்த வழியில்தான். ஏவிஐசிந்த் (AviSynth) என்ற வீடியோ மென்பொருளில் ஓடும் கியூடிஜிஎம்சி (QTGMC) இன்னும் அழகாகச் செய்யும். பொருள்கள் எந்தத் திசையில் நகர்ந்தன என்று தொடர்ந்து பார்த்து வரிகளை நிரப்பும். அமைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், நேரமும் எடுக்கும். குடும்பத்துக்கு முக்கியமான படம் என்றால் அந்த உழைப்புக்கு முழுத் தகுதி உண்டு.

கட்டளை எழுதிப் பழக்கமில்லை என்றால் விஎல்சி பிளேயர் போதும். வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, அதன் முறையை யாடிஃப் இரண்டு மடங்கு என்று வையுங்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தி, டேக் ஸ்னாப்ஷாட் கொடுங்கள். பதிவான கோப்பிலும் சீப்பு போயிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

ப்ளெண்ட் என்று ஒரு முறை இருக்கிறதே, அது எப்படி?

ஓடும் வீடியோவுக்குச் சமாளிக்கலாம். படத்துக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு ஃபீல்டையும் கலந்துவிடுவதால் சீப்பு போய், ஆவி போல இரண்டு கைகள் தெரியும். சீப்பைப் பிரிக்கலாம், இரட்டை உருவத்தைப் பிரிக்க முடியாது.

எந்த ஃபீல்டு முதலில் என்பது முக்கியமா?

ஒரே ஒரு படத்தை ஃபோட்டோஷாப்பில் சரிசெய்ய முக்கியமில்லை. யாடிஃப் போன்ற வீடியோ ஃபில்டருக்கு மிக முக்கியம். டிவி (DV) வகைக் கேமராக்கள், மினிடிவி டேப்கள் கீழ் ஃபீல்டு, அதாவது இரட்டை வரிகள், முதலில். எச்டிவி (HDV), 1080ஐ பதிவுகள் மேல் ஃபீல்டு, அதாவது ஒற்றை வரிகள், முதலில். தவறாகக் கொடுத்தால் காலம் முன்னும் பின்னும் புரளும். விரித்த படங்களை வரிசையாகப் பார்க்கும்போது நடப்பவர் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று துள்ளுவார். அப்படிக் கண்டால் வரிசையை மாற்றிக் கொடுங்கள்.

சினிமா டிவிடியில் சில ஃப்ரேம் சுத்தமாகவும் சில ஃப்ரேம் சீப்பாகவும் இருக்கிறது. ஏன்?

என்டிஎஸ்சி வட்டாக இருக்கும். வினாடிக்கு 24 பிலிம் ஃப்ரேமை 60 ஃபீல்டுக்குள் நிரப்ப, ஒரு பிலிம் ஃப்ரேமுக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். விளைவாக, ஐந்து வீடியோ ஃப்ரேமில் மூன்று சுத்தமாக இருக்கும், இரண்டில் பக்கத்துப் பக்கத்துப் பிலிம் ஃப்ரேம்கள் கலந்திருக்கும். எந்த ஃபில்டரும் வேண்டாம். ஒரு ஃப்ரேம், மிஞ்சினால் இரண்டு ஃப்ரேம் தள்ளிப் போங்கள்.

சரிசெய்த பிறகு ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிகிறார்களே?

அது பிக்சல் வடிவம். பழைய வீடியோவின் பிக்சல் சதுரமானது அல்ல. 4:3 பால் படத்தின் 720க்கு 576ஐ 768க்கு 576 ஆக்குங்கள். என்டிஎஸ்சியின் 720க்கு 480ஐ 640க்கு 480 ஆக்குங்கள். அகலத்திரை பால் என்றால் 1024க்கு 576. எச்டிவியின் 1440க்கு 1080ஐ 1920க்கு 1080. பார்த்தீர்களா, எல்லாவற்றிலும் அகலம் மட்டுமே மாறுகிறது.

சீப்பு போய்விட்டது, சிவப்பு உடையின் ஓரம் மட்டும் இன்னும் ரம்பமாக இருக்கிறது.

நிற விவரம் பல வீடியோக்களில் வெளிச்ச விவரத்துக்கு இருக்கும் வரிகளில் பாதியில்தான் சேமிக்கப்படுகிறது. இன்டர்லேஸ் வீடியோவில் அதுவும் ஃபீல்டு வாரியாகப் பிரிந்திருக்கும். அதைப் புரோகிரெசிவ் என்று எண்ணி விரிக்கும் மென்பொருள் ஒரு ஃபீல்டின் நிறத்தை மற்றதன் வரியில் பூசிவிடும். அடர் சிவப்பில் இது கண்ணைக் குத்தும்.

படத்தில் சரிசெய்ய: லேயரை நகலெடுத்து, ஒன்றிலிருந்து இரண்டு பிக்சல் காசியன் மங்கல் (Gaussian Blur) கொடுத்து, அந்த லேயரின் கலப்பு முறையைக் கலர் என்று மாற்றுங்கள். நிறம் மட்டும் மழுங்கும், வெளிச்ச விவரம் கூர்மையாகவே நிற்கும்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் மென்பொருளில் நேராகப் போடலாமா?

கோடுள்ள படத்தைப் போடாதீர்கள். சீப்புப் பற்களை அது துணியின் நெசவு, தோலின் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தமாக வரைந்து கொடுக்கும். முதலில் டீஇன்டர்லேஸ், பிக்சல் வடிவத் திருத்தம், அதற்குப் பிறகு இது. முகத்தைத் திருத்தும் வசதியை நான் நெருங்கியவர்களின் படத்தில் பயன்படுத்துவதில்லை. அது அழகான ஒரு முகத்தைக் கொடுக்கும், நாம் தேடியவரின் முகத்தைக் கொடுக்காது.

எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்?

768க்கு 576 படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் இரண்டரை அங்குல அகலம் வரும். 150 என்றால் ஐந்து அங்குலம், கையில் வைத்துப் பார்க்க அது பரவாயில்லை.

பிஎன்ஜி சேமிக்கும்போதும் இன்டர்லேஸ் என்று கேட்கிறதே?

பெயர் ஒன்றுதான், விஷயம் வேறு. வலைப்பக்கத்தில் படம் இறங்கும்போது முதலில் மங்கலாக முழுப் படமும் தெரிந்து, பிறகு தெளிவாவதற்கான ஏற்பாடு அது. உங்கள் கோடுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிக் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

வீடியோ இல்லை, டேப்பும் இல்லை. யாரோ அளவு மாற்றி அனுப்பிய ஒரே ஒரு ஜேபெக்தான் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

முதலில் கோடுகளை எண்ணிப் பாருங்கள். அவை இன்னும் ஒரு பிக்சல் உயரத்தில் இருந்தால் உயரம் மாறவில்லை, வழக்கமான முறை பலிக்கும். ஜேபெக் அழுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

உயரம் மாறியிருந்தால் பழைய உயரத்தை ஊகியுங்கள். பால் என்றால் 576, என்டிஎஸ்சி என்றால் 480, எச்டி என்றால் 1080. சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக்கியிருந்தால் அதே உயரத்துக்குத் திருப்பிச் சுருக்கும்போது வரிகள் பெரும்பாலும் தம் இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பல் போய்விட்டால் மாஸ்க் வைத்து மீதியைக் கையால் சரிசெய்யலாம்.

பெரிய படத்தைச் சின்னதாக்கி அனுப்பியிருந்தால், அதாவது 576 வரியை 400 வரியில் அடைத்திருந்தால், பல்லுக்குப் பதில் அகலமான மங்கல் பட்டைகள் மாறி மாறித் தெரியும். அதில் இரண்டு ஃபீல்டும் ஏற்கெனவே கரைந்துவிட்டன. அசைந்த இடத்தில் மட்டும் செங்குத்தாக இரண்டு மூன்று பிக்சல் மங்கல் கொடுத்துப் பட்டைகளை அடக்கலாம், அவ்வளவுதான். அதில் மணிக்கணக்கில் உட்காருவதைவிட, அனுப்பியவரிடம் டேப் எங்கே என்று கேளுங்கள். பல வீடுகளில் அது ஒரு பெட்டியின் அடியில் இன்னும் இருக்கிறது. கிடைத்தால் மினிடிவி டேப்பை ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாகவே கணினியில் ஏற்றுங்கள். டேப்பில் இருக்கும் தரவு அப்படியே வரும். 576 வரியை 480 ஆகச் சுருக்கிப் பதியும் கருவியில் ஏற்றினால் ஃபீல்டுகள் மறுபடி அங்கேயே குழைந்துவிடும்.